145-இல் கணவாய் விலை: ஹாம், சிபி, படகு – யாருக்கு எந்த அலைவரிசை?

மண்டபம்_வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.40

அன்பர்களுக்கு வணக்கம். ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன், ஆறுவதாக இல்லை.

இன்று மாலை 7 மணிக்கு 145 மெகாஹெர்ட்ஸில் எங்கள் ஹாம்களின் (உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்களின்) வாராந்தரக் கூடுகை. நான்கு பேர் அழைப்புக்குறி (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளக் குறி) சொல்லி வந்து சேர்ந்துவிட்டோம். ராமநாதபுரத்திலிருந்து ஐந்தாமவர் வாயெடுத்தார். அவர் குரலின் மேலேயே இரண்டு படகுகள் ஏறிக்கொண்டன. கணவாய் மீன் கிலோ என்ன விலைக்குப் போகிறது, ஐஸ் எத்தனை பெட்டி மிச்சம் இருக்கிறது, கரைக்கு வந்ததும் எந்த வியாபாரிக்குப் போடுவது. கால் மணி நேரம் பொறுத்தோம். பிறகு நான் இடையில் புகுந்து, "ஐயா, 144 முதல் 146 வரை அமெச்சூர் வானொலிக்கு ஒதுக்கிய இடம். தயவுசெய்து மாறிக்கொள்ளுங்கள்" என்றேன். ஒரு நொடி அமைதி. பிறகு பதில் வந்தது: "ஐயா, நீங்கள் கரையில் இருக்கிறீர்கள். நாங்கள் கடலில் இருக்கிறோம்." விலைப் பேச்சு தொடர்ந்தது.

இது முதல்முறை அல்ல. போன ஆண்டு பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேரை மொட்டை மாடியில் உட்காரவைத்து, சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் கடக்கும்போது 145.800-இல் அதன் குரலைக் கேட்கவைக்க ஏற்பாடு செய்திருந்தேன். அது ஒருமுறை கடந்துபோக ஆகும் நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவு. அந்தப் பத்து நிமிடமும் படகுப் பேச்சுத்தான் கேட்டது. பிள்ளைகளின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

நான் உரிமம் வாங்கியது 1987-இல். ரம்பத் தகட்டை வளைத்து மோர்ஸ் சாவி செய்து, இரவெல்லாம் தட்டிப் பழகி, ஒருமுறை தோற்று, மறுமுறை மதராஸ் போய் எழுதித் தேறினேன். இன்றைக்குக் கடையில் கைக்கடக்கமான ஒரு செட்டை வாங்கி, பொத்தானை அழுத்தினால் போதும் என்று ஆகிவிட்டது. 27 மெகாஹெர்ட்ஸ் சிபி (சிட்டிசன் பேண்ட், பொதுமக்கள் அலைவரிசை) ஆட்கள் தொடங்கிவைத்த பழக்கம் இது. தேர்வு இல்லை, அழைப்புக்குறி இல்லை, பேசுகிறவர் யார் என்றே தெரியாது. வயர்லெஸ் கண்காணிப்பு நிலையத்துக்குப் புகார் எழுதலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

கடலோரம்_77 | ஞாயிறு, இரவு 10.05

யோசிக்க என்ன இருக்கிறது? எல்லாரையும் பிடித்துக் கொடுங்கள்.

சாயல்குடி_ரேடியோ | ஞாயிறு, இரவு 10.50

தம்பி, "பிடித்துக் கொடுங்கள்" என்று எழுத ஒரு நொடி போதும். 1991-க்குப் பிறகு சில ஆண்டுகள் இந்தக் கரையில் வயர்லெஸ் என்ற சொல்லையே நாங்கள் தாழ்ந்த குரலில்தான் சொல்வோம். மொட்டை மாடியில் நாலு முழக் கம்பி நின்றால் வீட்டுக்கு விசாரணை வரும். என் கடைக்கு மூன்று முறை வந்தார்கள். பழுதுக்கு வந்திருந்த டேப்ரிக்கார்டர் ஒவ்வொன்றையும் திறந்து காட்டச் சொன்னார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு என் தந்தை ரேடியோ வேலையே வேண்டாம், மிக்ஸி, கிரைண்டர் மட்டும் பார் என்றார்.

வாத்தியார் ஐயா, நீங்கள் புகார் எழுதினால் அதிகாரி வந்து பார்ப்பது உங்கள் கூடுகையை அல்ல. மீனவர்களின் வல்லத்தில் (படகில்) ஏறித்தான் பார்ப்பார். அதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை_27 | திங்கள், காலை 6.15

வாத்தியார் அவர்களுக்கு ஸலாம். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சிபிக்காரர்களை எதற்காக இதில் இழுத்தீர்கள்? 145-இல் பேசியவர்கள் சிபிக்காரர்கள் அல்லர். எங்கள் இடம் 27 மெகாஹெர்ட்ஸ். 2005-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி 26.957 முதல் 27.283 வரை, 5 வாட் சக்திக்குள், யாரும் உரிமம் இல்லாமல் பேசலாம். உரிமம் வாங்காமல் பேசுகிறேன் என்றால், உரிமம் தேவையில்லை என்று சட்டமே சொன்ன இடத்தில் பேசுகிறேன் என்று பொருள்.

நான் இருபது ஆண்டுகள் சரக்குக் கப்பலில் இருந்தவன். ஹூஸ்டன் துறைமுகத்தில் ஒரு லாரி ஓட்டுநரிடம் சிபி செட்டைப் பார்த்தேன். 19-ஆம் சேனலில் நெடுஞ்சாலை முழுக்க அவர்கள் பேச்சுத்தான். எங்கே விபத்து, எங்கே பாதை அடைப்பு என்று முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குச் சொல்லிக்கொண்டே போவார். 9-ஆம் சேனல் ஆபத்துக்கு மட்டும். 1973 எண்ணெய் நெருக்கடியில் டீசல் எந்த நிலையத்தில் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளத்தான் அது அங்கே காட்டுத்தீயாகப் பரவியது என்று அந்த ஓட்டுநர் சொன்னார். இன்று வாலிநோக்கம் பக்கம் எங்கள் உப்பளத்துக்கும் வீட்டுக்கும் இடையே அதே வகைச் செட்டைத்தான் வைத்திருக்கிறேன். பாத்தியில் வேலை செய்கிறவருக்குக் கைபேசி எடுக்காத இடத்திலும் அது எடுக்கிறது.

ஹாம்களுக்கு எங்கள் மேல் இருக்கும் கசப்பின் வேர் 1958-இல் இருக்கிறது. அமெரிக்காவில் 11 மீட்டர் பட்டையில் (இதே 27 மெகாஹெர்ட்ஸ்தான்) ஹாம்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு அதை அவர்களிடமிருந்து எடுத்து, 23 சேனலாகப் பிரித்து, பொதுமக்களுக்குச் சிபி என்று கொடுத்தார்கள். 1977-இல் அது 40 சேனல் ஆனது. 1983-இல் தனியாள் உரிமமும் வேண்டாம் என்றார்கள். வீட்டைப் பறிகொடுத்தவர் கோபம் அது, நியாயமான கோபம். ஆனால் பறிகொடுத்தவர் அங்கே இருக்கிறார், மண்டபத்தில் இல்லை. நம் ஊரில் யாரும் யாரிடமிருந்தும் 11 மீட்டரைப் பிடுங்கவில்லை. பிறகு எதற்கு இங்கே இந்த முறைப்பு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹாம் கூட்டத்துக்கு ஆர்வத்தோடு போனேன். வாசலில் அழைப்புக்குறி கேட்டார்கள். சிபிதான் வைத்திருக்கிறேன் என்றதும், பேசிக்கொண்டிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார். தேநீர்கூட யாரும் கொடுக்கவில்லை. அன்று ஒருவர் "உட்காருங்கள்" என்று சொல்லியிருந்தால் நான் தேர்வு எழுதியிருப்பேன்.

வடகடல்_டிரைவர் | திங்கள், மாலை 4.30

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை 145-இல் பேசிய குரல் என்னுடையது அல்ல. ஆனாலும் என்னுடையதாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நானும் அப்படித்தான் பேசுகிறேன்.

தங்கச்சிமடத்துக்காரன். நாட்டுப்படகில் டிரைவர். என் செட் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உப்புக்காற்று படாமல் இருக்க இரண்டு மடிப்பு பாலிதீன் உறை, வாயில் ரப்பர் வளையம். அதை எஞ்சின் பெட்டிக்கு மேல் ஆணியில் தொங்கவிட்டிருப்பேன். உறையோடு சேர்த்துத்தான் பொத்தானை அழுத்துவேன். திரையில் எண் தெரியாது. மூன்று வருடமாக அந்த எண்ணை நான் மாற்றியதும் இல்லை. வாங்கும்போது கடைக்காரர் போட்டுக் கொடுத்த எண். "உங்கள் ஊர்ப் படகுகள் எல்லாம் இதில்தான் இருக்கிறார்கள்" என்றார். அதில் பேசினோம், ஆட்கள் இருந்தார்கள். அது யாருக்கு ஒதுக்கிய இடம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கைபேசி கிடையாது. அப்புறம் இலங்கை டவர் தலைகாட்டும். அது வந்தாலே எங்களுக்கு வயிறு கலங்கும், எல்லைக் கோட்டுக்குக் கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம். அந்த நேரத்தில் பக்கத்துப் படகு எங்கே இருக்கிறது, ரோந்து எந்தத் திசையில் வருகிறது என்று கேட்க அந்தச் செட்தான் இருக்கிறது. கணவாய் விலையும் எங்களுக்குச் சும்மாப் பேச்சு இல்லை ஐயா. இரவு முழுக்க உழைத்துக் கரைக்கு வந்தால், எந்த வியாபாரி என்ன விலை என்று முன்கூட்டியே தெரியாதவன் கொடுத்த விலைக்குப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பிள்ளைகள் விண்வெளிக் குரலைக் கேட்க முடியாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். என் மகளும் அந்தப் பள்ளிதான். அவள் அந்த மாடியில் இருந்தாளா என்று தெரியவில்லை, இன்று இரவு கேட்கிறேன்.

நாங்கள் எங்கே போய்ப் பேச வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

தொண்டி_மாணவி | திங்கள், இரவு 8.10

ஐயா, அண்ணன், அனைவருக்கும் வணக்கம். மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹாம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மோர்ஸ் இன்னும் கைவரவில்லை என்பதால் முதலில் ரெஸ்டிரிக்டட் நிலைக்கு எழுதுகிறேன்.

வடகடல் அண்ணன் கேட்டதற்குப் பாடப்புத்தகப் பதில், கடல்வழி வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) வானொலி. அதில் 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கு. கடலோரக் காவல் படையும் கப்பல்களும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணன் வைத்திருக்கும் சீனச் செட்டில் அந்த எண்ணையும் போட முடியும் என்பதுதான் சிக்கல். பெரும்பாலும் 136 முதல் 174 வரை எல்லாவற்றையும் திறந்தே விற்கிறார்கள். ஆனால் அந்தச் செட் கடல் வேலைக்கென்று அங்கீகாரம் பெற்றது அல்ல, அதில் பேசினால் அதுவும் விதி மீறல்.

என் சந்தேகம் வேறு. வாத்தியார் ஐயா, மீனவர்களுக்கு ஹாம் தேர்வு நடத்தி உரிமம் வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? தீராது என்று நினைக்கிறேன். அமெச்சூர் சேவை என்பதற்குச் சர்வதேச வரையறையே சுயபயிற்சி, ஒருவரோடு ஒருவர் தொடர்பு, தொழில்நுட்ப ஆய்வு, இவை எல்லாம் பண ஆதாயம் இல்லாமல். அண்ணன் நாளைக்கே உரிமம் வாங்கினாலும் 145-இல் கணவாய் விலை பேசக் கூடாது. அப்படியானால் விலை பேச அவருக்கு எந்த இடம்?

மண்டபம்_வாத்தியார் | திங்கள், இரவு 11.20

மகளே, நீ கேட்ட கேள்வியில் என் புகார்க் கடிதம் பாதியில் நின்றுவிட்டது. உண்மைதான். உரிமம் இல்லாததுதான் குற்றம் என்று நான் எழுதினேன். உரிமம் இருந்தாலும் அந்தப் பேச்சுக்கு அந்த இடம் ஆகாது.

எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதம். காற்று அசையாத இரவு, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. எனக்குத் தூக்கம் குறைவு. ரிசீவரை 145-இல் மெல்லிய ஒலியில் விட்டுவிட்டுப் படுப்பது வழக்கம். ஒன்றே முக்கால் மணி இருக்கும். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல், "யாராவது இருக்கிறீர்களா, யாராவது இருக்கிறீர்களா" என்று. அழைப்புக்குறி இல்லை. எழுந்து உட்கார்ந்தேன். வல்லத்தில் நான்கு பேர். பலகை விட்டுத் தண்ணீர் ஏறி, எஞ்சின் நனைந்து நின்றுவிட்டது. கூட வந்த படகுகள் முன்னாலேயே கரைக்குத் திரும்பிவிட்டன.

இடத்தைக் கேட்டேன். ஜி.பி.எஸ். பார்த்துப் படித்தார். 9 டிகிரி 22 நிமிடம், 79 டிகிரி 23 நிமிடம். காகிதம் கிடைக்காமல் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்குச் சொன்னேன். வல்லத்தில் இருந்தவர் சொன்ன எண்ணில் அவர்கள் சம்மாட்டியை (படகு உரிமையாளரை) எழுப்பினேன். பிறகு விடியும்வரை செய்ததெல்லாம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு "இருக்கிறீர்களா" என்று கேட்டதுதான். ஒவ்வொரு முறையும் அவர் பேசும்போது பின்னால் வாளியால் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்கும். ஐந்து மணிக்கு முன்பு இரண்டு வல்லங்கள் போய்ச் சேர்ந்தன.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அதன் எல்லை கிலோமீட்டரில் வரும். என் கம்பம் 16 மீட்டர்: வர்க்கமூலம் 4, எல்லை 16.5. வல்லத்தில் கையை உயர்த்திப் பிடித்தால் இரண்டேகால் மீட்டர்: வர்க்கமூலம் 1.5, எல்லை 6.2. இரண்டையும் கூட்டினால் 23-க்குள். அந்த வல்லம் என் வீட்டிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். எனக்குக் கேட்டிருக்கவே கூடாது. அமைதியான இரவுகளில் கடலுக்கு மேல் குளிர்ந்த காற்றும் அதன் மேல் வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும்போது, அலை அந்த அடுக்குக்குள் சிக்கி வளைந்து தொலைவுக்குப் போகும். இலங்கை எஃப்.எம். நிலையங்கள் சில இரவுகளில் நம் பக்கத்தில் உரக்கக் கேட்பதும் இதனால்தான். காற்று வீசியிருந்தால் அந்த அடுக்கு கலைந்திருக்கும். அவர் கூப்பிட்டது எனக்கு வந்திருக்காது.

உரிமம் இல்லாத அந்தக் குரலுக்கு அன்று நான் விதி சொல்லவில்லை. ஆனால் நேற்று மாலை சொன்னேன். இரண்டும் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆபத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல வேண்டும். மற்ற நேரத்தில் அந்த இடம் காலியாக, சுத்தமாக இருந்தால்தான் ஆபத்துக்குரல் காதில் விழும். 2004 டிசம்பர் 26 அன்று அந்தமானோடு தொடர்பு அறுந்தபோது, ஹாம் பயணமாக அங்கே போயிருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்ப முடிந்தது. அவர் வைத்திருந்த கருவி மட்டும் அதற்குக் காரணம் அல்ல. இந்தப் பக்கம் பழகிய காதுகள் ஒழுங்காகக் காத்திருந்தன, ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒழுங்குக்குத்தான் தேர்வு. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கீழக்கரைக் காக்காவுக்கு (அண்ணனுக்கு): அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. இருந்தவர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன்.

வடகடல்_டிரைவர் | செவ்வாய், அதிகாலை 3.05

ஐயா, அந்த வல்லம் எங்கள் தெரு வல்லம். மண்டபத்திலிருந்து யாரோ ஒரு பெரியவர் விடியவிடியப் பேசிக்கொண்டே இருந்தார் என்று சொல்வார்கள். பெயர் தெரியாது என்றார்கள். கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், வந்து எழுதுகிறேன்.

கீழக்கரை_27 | செவ்வாய், காலை 7.00

வாத்தியார் அவர்களே, மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை. ஏற்றுக்கொண்டேன்.

தேர்வு பற்றி நீங்கள் சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். ஒழுங்கு தேர்விலிருந்து வருகிறது என்றால், தேர்வு எழுதாத லாரிக்காரர்கள் 9-ஆம் சேனலை ஆபத்துக்கென்று காலியாக வைத்திருந்தது எப்படி? தேவை இருந்தால் ஒழுங்கும் வரும். அதை விட்டுவிடுகிறேன்.

தொண்டி மகள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. விலை பேச, ஐஸ் கேட்க, பக்கத்துப் படகைக் கூப்பிட 27 மெகாஹெர்ட்ஸ். பண ஆதாயப் பேச்சு கூடாது என்ற தடை அங்கே இல்லை. உரிமம் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் சிறுபடகுகள் 27 மெகாஹெர்ட்ஸ் கடல் வானொலியை நெடுங்காலம் பயன்படுத்தின, நான் துறைமுகங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன். உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். 27-இன் தரையலை (பரப்பை ஒட்டிப் போகும் அலை) கடல்மேல் போவதுபோல் மணல்மேல் போகாது.

ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து வரும் 40 சேனல் செட்டில் நம் எல்லையான 27.283-க்குள் அடங்குவது 27-ஆம் சேனல் வரைதான். அது 27.275. 28-ஆம் சேனல் 27.285, வெளியே போய்விடும். மேலே உள்ள 13 சேனலைத் தொடக்கூடாது. என் செட்டில் அந்த இடத்தில் திருகு குமிழ் மேலே போகாதபடி ஒரு மரச்சக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன்.

சாயல்குடி_ரேடியோ | செவ்வாய், காலை 11.40

காக்கா சொல்வது சரி. ஆனால் ஏரியலை (ஆன்டெனாவை) மறந்துவிட்டுப் பேசுகிறார். 145-க்கு கால் அலை நீளம் அரை மீட்டர், கையில் பிடிக்கலாம். 27-க்கு ஏறக்குறைய 2.7 மீட்டர். அதுவும் கீழே 'தரை'யாக ஓர் உலோகப் பரப்பு வேண்டும். லாரிக்கு இரும்பு உடல் இருக்கிறது. ஃபைபர் வல்லத்துக்கு என்ன இருக்கிறது? அடியில் செம்புத் தகடு பதித்துத் தண்ணீரோடு சேர்க்க வேண்டும், அல்லது தரை தேவைப்படாத, ஏறக்குறைய 5.4 மீட்டர் அரை அலைக் கம்பி போட வேண்டும். அவ்வளவு நீளக் கம்பி வலை இழுக்கும்போது முறியும். தகடுதான் வழி.

இன்னொன்று, கடலில் செட் கெடுவதில்லை, பிளக் கெடுகிறது. என் மேசைக்கு வரும் பத்துச் செட்டில் ஏழெட்டுக்கு நோய் ஒன்றே: ஏரியல் பிளக்கின் நடு ஊசியில் பச்சைக் களிம்பு. சுரண்டினால் பொடிப்பொடியாக உதிரும். கேபிளை ஒரு சாண் வெட்டிப் பார்த்தால் உள்ளே பின்னல் கம்பி கறுத்திருக்கும். 5 வாட் செட்டிலிருந்து ஏரியலுக்கு அரை வாட்கூடப் போகாது, மிச்சம் திரும்பி வந்து செட்டையே சுடும். படகுக்காரர் "செட் சரியில்லை" என்று புதிதாக வாங்குவார். தேன்மெழுகு உருக்கி பிளக்கின் மேல் ஊற்றி, மேலே சைக்கிள் டியூப் துண்டை இழுத்துக் கட்டினால் இரண்டு பருவம் தாங்கும். இதற்குச் செலவு ஐம்பது ரூபாய்.

செம்புத் தகடு என்னிடம் இருக்கிறது. இரண்டு வல்லங்களுக்குப் போட்டுத் தருகிறேன். கூலி வேண்டாம்.

தொண்டி_மாணவி | செவ்வாய், மாலை 6.20

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. 27-இல் நமக்குப் பாதுகாப்பு கிடையாது. 2005 விதியே அப்படித்தான் சொல்கிறது. மற்றவர் இடையூறு செய்தால் புகார் சொல்ல முடியாது, நாம் மற்றவருக்கு இடையூறு செய்யவும் கூடாது. அதுவும் சூரியனின் பதினோராண்டுச் சுழற்சி 2024-இல் உச்சத்துக்கு வந்தது. இப்போது பகல் வேளையில் 27 மெகாஹெர்ட்ஸ் அலை வானத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாவுகிறது. எங்கோ இருக்கிற குரல் வரும், பக்கத்துப் படகு அமுங்கிப்போகும்.

ஆகவே ஆபத்துக்கு 27-ஐ நம்பக் கூடாது. அதற்கு 16-ஆம் சேனலும், இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவியும். 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்தது என்ற பதிலும் கடலுக்குத் திரும்பி வரும். கரையிலிருந்து கூப்பிட கடலோரக் காவல் படையின் 1554-உம், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-உம். அண்ணன், உங்கள் படகில் அந்தக் கருவி இருக்கிறதா?

வடகடல்_டிரைவர் | புதன், இரவு 9.15

இருக்கிறது தங்கச்சி. பெட்டியில் இருக்கிறது. சம்மாட்டி வீட்டில். இனி படகில் இருக்கும், நான் பொறுப்பு.

என் மகள் அந்த மாடியில்தான் இருந்தாளாம். "மீன் விலை கேட்டதுப்பா" என்றாள். அதற்கு மேல் அவளிடம் எதுவும் கேட்க முடியவில்லை.

மண்டபம்_வாத்தியார் | வியாழன், காலை 8.30

புகாரை எழுதப்போவதில்லை.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள். அந்த நாட்களில் வாரம் மூன்று மாலை என் வீட்டில் வகுப்பு. ஹாம் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று, 16-ஆம் சேனலில் "மேடே" என்று ஆபத்து அழைப்புச் சொல்வது எப்படி, இடத்தை எப்படிப் படிப்பது என்று கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இரண்டாவது வகுப்புக்கு உரிமமும் தேர்வும் தேவையில்லை. வடகடல் தம்பியின் மகளைக் கூட்டிவரச் சொல்லுங்கள். விண்வெளி நிலையம் அடுத்து எப்போது பேசுகிறது என்று பார்த்து வைக்கிறேன். 12 வயது ஆனால் அவளும் தேர்வு எழுதலாம்.

27 பற்றி எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. பேர் சொல்லாமல் பேசும் பழக்கம் நல்லதல்ல. குறைந்தது படகின் பதிவு எண்ணைச் சொல்லிப் பேசச் சொல்லுங்கள்.

கீழக்கரை_27 | வியாழன், பகல் 1.10

அதைச் சட்டம் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்காகச் சொல்கிறோம்.

வடகடல்_டிரைவர் | அடுத்த செவ்வாய், இரவு 7.50

போட்டுப் பார்த்துவிட்டோம். சாயல்குடி அண்ணன் சனிக்கிழமை வந்து எங்கள் வல்லத்துக்கும் மைத்துனர் வல்லத்துக்கும் தகடு பதித்தார். கீழக்கரைக் காக்கா இரண்டு செட் கொடுத்தனுப்பினார், இரவல்தான். 14-ஆம் சேனலில் வைத்தோம். நான் கிழக்கே போனேன், மைத்துனர் பாம்பன் பக்கம் வடகடலிலேயே நின்றார். காலை ஐந்து மணிக்கு ஜி.பி.எஸ்.படி 17 கிலோமீட்டர் இடைவெளியில் அவர் பேசியது, எஞ்சின் சத்தத்துக்கு மேல், பக்கத்தில் இருந்து பேசியதுபோல் கேட்டது. பழைய செட்டில் பத்துக்கு மேல் போனதில்லை. ஒவ்வொரு முறையும் படகு எண் சொன்னோம் ஐயா.

பதினொரு மணிக்கு மேல் தங்கச்சி சொன்னதுதான் நடந்தது. புரியாத பாஷையில் யார் யாரோ வந்துவிட்டார்கள், மைத்துனர் குரல் அவர்களுக்குக் கீழே போய்விட்டது. மூன்று மணிக்குப் பிறகு திரும்ப வந்தார்.

145-ஐ அழிக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் செட்டைக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவில் இன்னும் பதினோரு பேர் அதே எண்ணில் இருக்கிறார்கள். ஒரே நாளில் மாற மாட்டார்கள்.

மைத்துனர் செட்டில் மட்டும் பேசும்போது கை வைத்தால் சூடாக இருக்கிறது. எதனால்?

சாயல்குடி_ரேடியோ | அடுத்த செவ்வாய், இரவு 8.05

தகட்டுக்குப் போகும் கம்பியின் இணைப்பு தளர்ந்திருக்கும். அதைச் சரிசெய்யும்வரை அந்தச் செட்டில் பேச வேண்டாம், கேட்க மட்டும் செய்யுங்கள்.

மண்டபம்_வாத்தியார் | அடுத்த செவ்வாய், இரவு 8.20

திரும்பி வரும் சக்தியை அளக்கும் மீட்டர் என்னிடம் இருக்கிறது. வியாழன் காலை ஆறு மணிக்குத் தங்கச்சிமடம் வருகிறேன். நான் வரும்வரை பிளக்கைக் கழற்ற வேண்டாம், இருக்கிற நிலையிலேயே அளந்து பார்க்க வேண்டும்.